மீன் சுடும் புகையும் ஜாதி மூக்கும்

இந்த வாரம் நாம் எழுத எடுத்துக்கொண்ட விஷயம் மீன். அதிலும், ராத்திரிச் சாப்பாட்டுக்கு நாலு துண்டு மீனை உப்பும் மிளகுத்தூளும் தடவித் தணலில் சுட்டு, சோற்றோடு வைத்துக்கொண்டு சாப்பிடுகிற சங்கதி. "நாட்டில் எவ்வளவோ பெரிய காரியங்கள் கிடக்க, பகுத்தறிவுப் பத்திரிகைக்கு அடுப்பங்கரை விஷயந்தானா அகப்பட்டது?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். தாராளமாய்க் கேட்கட்டும். ஜாதி எங்கே குடியிருக்கிறது என்று தேடிக்கொண்டு போனால், அது கோவிலில் பாதியும் அடுப்பங்கரையில் பாதியுமாய்க் குடியிருப்பது தெரியவரும். கோவிலில் இருக்கிற பாதியை நாம் ஓரளவுக்காவது தாக்கியிருக்கிறோம். அடுப்பங்கரையில் இருக்கிற பாதியை நம்மில் பலர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

நமது இயக்கத்துக்கு விதை விழுந்த இடங்களில் ஒன்று சாப்பாட்டுப் பந்தி என்பதை மறந்துவிடக்கூடாது. 1924-25-ல் சேரன்மாதேவி குருகுலத்தில் என்ன நடந்தது? பொது ஜனங்களுடைய பணத்தையும் காங்கிரஸ் பணத்தையும் வாங்கி நடத்தப்பட்ட அந்தப் பள்ளியில், பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு, மற்றப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு. அதை ஏன் என்று கேட்டதில் எழுந்த நெருப்புத்தான் தமிழ்நாட்டைத் தட்டி எழுப்பிற்று. ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டுச் சாலைகளில் ஜாதி பார்த்து இடம் பிரித்து வைத்திருந்ததை எதிர்த்துக் கிளர்ச்சி செய்து, 1941-ல் அது ஒழிந்தது. 1957-ல் சென்னை திருவல்லிக்கேணியில் ஓட்டல் பலகையில் இருந்த "பிராமணாள்" என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் மறியல் நடத்தினார். தோழர்கள் நாள் தவறாமல் ஜெயிலுக்குப் போனார்கள். இவை எல்லாம் பந்தியில் நடந்த சண்டைகள் அல்லவா?

பலகைகள் போயின. தடுப்புகள் போயின. ஆனால் 2018 டிசம்பரில், சென்னை ஐ.ஐ.டி. மாணவர் சாப்பாட்டுக் கூடம் ஒன்றில், மரக்கறிக்காரருக்கு ஒரு வாசல், மாமிசக்காரருக்கு ஒரு வாசல், கை கழுவத் தனித்தனித் தொட்டி என்று காகிதம் ஒட்டினார்கள். ஊரெல்லாம் கூச்சல் எழுந்த பிறகு அதைக் கிழித்தார்கள். ஆகவே பழைய பலகை ஒழிந்து போகவில்லை; எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருக்கிறது என்று தெரிகிறதா இல்லையா? முன்பு ஜாதியின் பேரைச் சொல்லிப் பிரித்தார்கள். இப்போது சாப்பாட்டின் பேரைச் சொல்லிப் பிரிக்கிறார்கள். பெரிய பட்டணங்களில் "வீடு வாடகைக்கு விடப்படும், சைவர்களுக்கு மட்டும்" என்று எழுதுகிறவர்களுக்கு வாடகைக்காரன் தட்டில் என்ன இருக்கிறது என்பதா கவலை? அவன் யார் என்று நேரே கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, அவன் தட்டைக் கேட்கிறார்கள். அவ்வளவுதான்.

இந்தப் பிரிவினை அயலானிடத்தில் மட்டும் இருந்தால் நாம் இவ்வளவு எழுதவேண்டியதில்லை. அது நம்மவர் மூக்கிலேயே புகுந்துகொண்டது என்பதுதான் வெட்கக்கேடு.

2021 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில் நடந்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். மீன் விற்றுவிட்டு வீட்டுக்குத் திரும்புகிற ஒரு வயதான அம்மாள் அரசாங்க பஸ்ஸில் ஏறினாள். நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி அவளை இறக்கிவிட்டார்கள். அந்த அம்மாள் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு, ஒரு பெண்பிள்ளையை இப்படிச் செய்யலாமா என்று எல்லோரும் கேட்க வாய்விட்டு அழுதாள். அதை யாரோ படம் பிடித்து வெளியிட்ட பிறகு, முதல் மந்திரி கண்டித்தார். சம்பந்தப்பட்ட ஊழியர்களைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அந்தமட்டில் நல்லதுதான். ஆனால் ஊழியர்களைத் தண்டித்ததோடு விஷயம் தீர்ந்துவிட்டதா? கன்னியாகுமரி மாவட்டத்தில் மீன் குழம்பு கொதிக்காத வீடு எத்தனை? அந்த மீனை அந்தக் கடற்கரையிலிருந்து கூடையில் வைத்துச் சுமந்துகொண்டு வீட்டு வாசலுக்கு வந்து கொடுப்பது யார்? சட்டியில் கொதிக்கும்போது வாசனையாய் இருக்கிற மீன், சுமந்து வந்தவள் சேலையில் இருக்கும்போது மாத்திரம் நாற்றமாய்ப் போவதற்கு என்ன காரணம்? மூக்கு ஒன்றுதானே? மீனும் ஒன்றுதானே? நடுவில் மாறினது எது? ஆள்தான் மாறினாள். ஆகவே நாறினது மீன் அல்ல, ஜாதி.

நிற்க, இந்த மூக்கை நமக்குப் பழக்கி வைத்தது எது என்று பார்ப்போம்.

முதலாவது, பெயரிலேயே ஒரு பித்தலாட்டம் இருக்கிறது. மீன் சாப்பிடாதவனுக்குச் "சைவன்" என்று பெயர். மீன் சாப்பிடுகிறவனுக்கு "அசைவன்", அதாவது சைவன் அல்லாதவன். 2014-ல் இந்திய சர்க்காரின் பதிவாளர் இலாகா எடுத்த மாதிரிக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 97 பேருக்கு மேல் மாமிசமோ மீனோ சாப்பிடுகிறவர்கள். 100-க்கு 3 பேர்கூட இல்லாதவர்களுக்குச் சொந்தப் பெயர். 97 பேருக்கு "அல்லாதார்" என்ற பெயர்! இந்த 97 பேருக்கும் சொந்தமாக ஒரு பெயர் கிடையாதாம். ஓட்டலில் போய் நாமே வாய்திறந்து "அசைவம் உண்டா?" என்று கேட்கிறோம். நம்மை நாமே "அல்லாதவன்" என்று அழைத்துக்கொண்டு, அதற்குக் காசும் கொடுத்துவிட்டு வருகிறோம்.

சரி, அந்தச் சைவமாவது மீனை வெறுக்கிறதா? அவர்கள் கும்பிடுகிற 63 நாயன்மார்களில் ஒருவர் அதிபத்தர், நாகப்பட்டினத்துப் பரதவர். தாம் பிடிக்கிற மீனில் நாள்தோறும் ஒரு மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்டதற்காகத்தான் அவருக்கு நாயன்மார் பட்டம். இன்னொருவர் கண்ணப்பர், மாமிசத்தை வாயில் போட்டு மென்று, ருசி பார்த்துப் படைத்தவர். இந்தக் கதைகளை நாம் நம்புகிறவர்கள் அல்லர். ஆனால் நம்புகிறேன் என்கிறவர்களைக் கேட்கிறோம்: உங்கள் சிவன் மீனை வாங்கிக்கொண்டார், மென்ற கறியை வாங்கிக்கொண்டார் என்று நீங்களே எழுதி வைத்துப் பூஜை போடுகிறீர்கள். அப்படி இருக்க, அந்தச் சிவன் பெயரை எடுத்து மீன் தின்னாததற்குப் பெயராய் வைத்தது எந்த நியாயம்?

இரண்டாவது, சாஸ்திரம். மனுதர்மத்தின் 5-வது அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். 15-வது சுலோகம் மீன் தின்கிறவன் எல்லா மாமிசத்தையும் தின்கிறவன், ஆகையால் மீனை விலக்கவேண்டும் என்கிறது. சரி என்று திரும்புவதற்குள் 16-வது சுலோகம் வந்துவிடுகிறது: தேவர்களுக்கும் பிதிர்களுக்கும் படைத்தால் பாடீனம், ரோகிதம் என்ற மீன்களைச் சாப்பிடலாமாம், செதிள் உள்ள மீன்களும் ஆகுமாம். 3-வது அத்தியாயம் 268-வது சுலோகம் இன்னும் ஒருபடி மேலே போய், சிரார்த்தத்தில் மீன் போட்டால் பிதிர்களுக்கு இரண்டு மாதம் பசி அடங்கும் என்று கணக்குச் சொல்லுகிறது. செத்துப்போனவர்களுக்கு ஆகிற மீன், உயிரோடிருக்கிறவர்களுக்கு மட்டும் ஏன் ஆகாது? வங்காளத்துப் பார்ப்பனரும் மிதிலைப் பார்ப்பனரும் இன்றைக்கும் மீன் சாப்பிடுகிறார்கள். வங்காளத்தில் மீன் இல்லாமல் கல்யாணமே சிறப்பதில்லை. கொங்கணக் கரையிலும் மீன் சாப்பிடுகிற பார்ப்பனர் உண்டு. அங்கே அவர்கள் ஜாதிக்கு ஒரு குறைவும் வந்துவிடவில்லை. ஆகவே, மீனால் ஜாதி கெடுகிறது என்பது சுத்தப் பொய். எவன் உயர்ந்தவன் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, அவன் எதைத் தின்கிறானோ அதை உயர்வென்றும், மற்றவன் தின்பதைத் தாழ்வென்றும் சொல்லுவதே இந்தச் சாஸ்திரத்தின் ரகசியம். விஷ்ணுவே மீனாய்ப் பிறந்தார் என்று மச்சாவதாரத்தைக் கும்பிடுகிறவன், மீன்கூடைக்காரியைக் கண்டால் மூக்கைப் பிடித்துக்கொள்ளுகிறான் என்றால் இதைவிட வேடிக்கை வேறென்ன வேண்டும்?

மூன்றாவது, பஞ்சாங்கம். வெள்ளிக்கிழமை மீன் ஆகாது, செவ்வாய்க்கிழமை ஆகாது, இரண்டும் சேர்ந்து வருஷத்துக்கு 104 நாள். அமாவாசை, பௌர்ணமி, கிருத்திகை, சஷ்டி என்று மாதத்துக்கு நாலு நாளாவது போயிற்று. புரட்டாசி மாதம் முழுதும் போயிற்று. ஒன்றின்மேல் ஒன்று விழுகிற நாட்களைக் கழித்துவிட்டாலும், இவ்வளவையும் அனுசரிக்கிற குடும்பத்துக்கு வருஷத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் மீன் கிடையாது. இதில் ஒரு விசித்திரத்தைப் பாருங்கள். கத்தோலிக்கக் கிறிஸ்தவர் வெள்ளிக்கிழமை மாமிசத்தை விலக்கி மீன் சாப்பிடுகிறார். அவருக்கு வெள்ளிக்கிழமைதான் மீன் நாள். அடுத்த வீட்டு இந்துவுக்கு அதே வெள்ளிக்கிழமை மீனைத் தொட்டால் பாவம். கடல் ஒன்று, மீன் ஒன்று, கிழமை ஒன்று. ஒரு வீட்டில் புண்ணியம். அடுத்த வீட்டில் பாவம். இந்த இரண்டு கடவுள்களும் நடுச்சுவரில் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்துவிட்டுப் பிறகு நமக்குச் சொல்லி அனுப்பட்டும்.

தடை என்றாலே நாம் எதிர்க்கிறோம் என்று எண்ணிவிடவேண்டாம். தமிழ்நாட்டுக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் முட்டையிட்டுப் பெருகுகிற காலம். அதைக் கெடுத்தால் நாளைக்கு மீன் இராது. இது காரணமுள்ள தடை, இதை மதிக்கவேண்டியதுதான். புரட்டாசித் தடைக்கு என்ன காரணம்? கேட்டால் "சூடு", "பித்தம்", "பெரியவர்கள் சொன்னது" என்று ஆளுக்கொன்றாய்ச் சொல்லுவார்கள். உடம்புக்கு ஆகாது என்பது உண்மையானால், அதே மாதத்தில் அடுத்த வீட்டு முஸ்லிமும் கிறிஸ்தவரும் மீன் சாப்பிட்டு வியாதியில் விழவேண்டாமா? ஐப்பசி முதல் தேதி காலையில் மட்டும் அந்தச் சூடும் பித்தமும் எங்கே ஓடிப்போகின்றன? நடுவில் நஷ்டப்படுகிறவன், கடலில் உயிரைக் கொடுத்து மீன் பிடித்துக்கொண்டு வந்து, விலைபோகாமல் நிற்கிற ஏழைதான்.

நாலாவது, பயம். மீனையும் தயிரையும் சேர்த்துத் தின்றால் வெண்குஷ்டம் வருமாம். படித்தவர்கள்கூட இதை நம்புகிறார்கள். தோலுக்கு நிறம் கொடுக்கிற அணுக்கள் அழிவதால் உண்டாகிற வெண்புள்ளி அது. உடம்பின் காப்புச் சக்தியே அந்த அணுக்களைத் தாக்குவதால் வருகிறது என்று வைத்திய சாஸ்திரம் கண்டிருக்கிறது. அது குஷ்டமும் அல்ல, தொற்றுவதும் அல்ல. வங்காளிகள் மீனைத் தயிரிலேயே போட்டுச் சமைத்துத் தலைமுறை தலைமுறையாய்ச் சாப்பிடுகிறார்கள். அத்தனை பேருக்கும் வெண்புள்ளியா வந்துவிட்டது? இந்தப் புரளியினால் புள்ளி வந்தவர்களை "கண்டதைத் தின்றாய்" என்று குற்றவாளியாக்கி, பெண்களானால் கல்யாணத்தையும் தடுத்துவிடுகிறார்கள். ஒரு மூடநம்பிக்கை எத்தனை பேர் வாழ்வைக் கெடுக்கிறது பாருங்கள்!

இன்னொன்று, பேய். ராத்திரியில் மீனோ கறியோ எடுத்துப் போனால் பேய் பின்தொடருமாம். அதற்காக ஒரு கரித்துண்டோ இரும்புத்துண்டோ கூடவே வைத்து அனுப்புவது கிராமத்து வழக்கம். மீனுக்காக நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னால் வருகிற பேய், ஒரு கரித்துண்டைக் கண்டு ஓடிப்போகுமாம்! அந்தக் கரிக்கு நாம் ஒரு நல்ல உபயோகம் சொல்லுகிறோம். இன்னும் நாலு கரித்துண்டை அதோடு சேர்த்து அடுப்பிலே போட்டுப் பற்றவைத்து, அந்த மீனை அதில் சுட்டுச் சாப்பிட்டுவிடுங்கள். மீன் வயிற்றுக்குள் போன பிறகு பேய் எதைத் தேடி வரும்?

பகுத்தறிவு என்றால் எதற்கும் பயப்படாமல் திரிவது என்று அர்த்தமில்லை. பயப்படவேண்டிய இடம் உண்மையில் உண்டு. அயிலை, சூரை, மத்தி போன்ற மீன்களைப் பனிக்கட்டியில் வைக்காமல் வெயிலில் மணிக்கணக்காய்ப் போட்டுவைத்தால், அதில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிவிடும். பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. தின்றவனுக்கு முகம் சிவக்கும், உடம்பெல்லாம் அரிக்கும், தலை வலிக்கும். நம்மவர் அதற்குத் தோஷம் என்று பெயரிட்டு வேப்பிலை அடிப்பார்கள். செவுள் சிவந்து, கண் தெளிந்து, சதை அமுக்கினால் எழும்புகிற மீனாய்ப் பார்த்து வாங்கி, வீட்டுக்கு வந்ததும் குளிரில் வைப்பதுதான் இதற்குப் பரிகாரம். பஞ்சாங்கத்தில் நாள் பார்க்கிற கண்ணைச் செவுளைப் பார்ப்பதில் செலவழித்தால் உடம்பு பிழைக்கும்.

"ஜீவஹிம்சை ஆயிற்றே!" என்று சிலர் கேட்பார்கள். இரக்கத்தினால் மீன் தின்னாதவர்களிடத்தில் நமக்குச் சண்டை இல்லை. பிடிக்காமல் தின்னாதவர்களிடத்திலும் சண்டை இல்லை. எதைத் தின்பது என்பது அவனவன் இஷ்டம். ஆனால் இரக்கம் பேசுகிறவர்களில் ஒரு சாராரைக் கேட்கிறோம்: பூஜைக்கு மடி என்று பட்டைக் கட்டிக்கொள்ளுகிறீர்களே, அந்தப் பட்டு எப்படி வந்தது? கூட்டுக்குள் உயிரோடிருக்கிற புழுவைக் கொதிநீரிலும் ஆவியிலும் கொன்று நூல் எடுக்கிறார்கள். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான புழுக்கள் சாகின்றன. அதைக் கட்டினால் மடி. பசிக்கு ஒரு மீனைத் தின்றால் ஹிம்சை! உயிருக்கு இரங்குகிறவன் மீன்காரியின் உயிருக்கும் மானத்துக்கும் அல்லவா முதலில் இரங்கவேண்டும்?

இனி, காரியத்துக்கு வருவோம். மீன் சுடுவதை நாம் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் நம் வீட்டுப் பெண்கள். சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், அப்பளம் என்று ஐந்தும் ஆறும் இருந்தால்தான் சாப்பாடு என்று வைத்து, ஒரு பெண்பிள்ளையின் ஆயுளில் பாதியை அடுப்பிலே போட்டுவிட்டோம். மீன் குழம்பு என்றாலும் தேங்காய் அரைத்து, புளி கரைத்து, மசாலா வறுத்து அவள்தான் சாகவேண்டும். சுட்ட மீனுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆண்பிள்ளைகளே செய்யலாம், செய்யவும் வேண்டும்.

வஞ்சிரமோ பாரையோ சூரையோ கொடுவாயோ, விரல் கனத்துக்கு வட்டத் துண்டாய் நறுக்கி வாங்குங்கள். கழுவி, ஈரம் போகத் துணியால் ஒற்றியெடுங்கள். ஈரம் இருந்தால் மீன் சுடுபடாமல் புழுங்கிப்போகும். உப்பு, மஞ்சள், மிளகுத்தூள் அல்லது மிளகாய்த்தூள், அரை மூடி எலுமிச்சம்பழச் சாறு, கொஞ்சம் நல்லெண்ணெய். தடவி ஒரு கால்மணி நேரம் வைத்தால் போதும். எலுமிச்சையில் வெகுநேரம் ஊறினால் சதை கெட்டுப்போகும். குமுட்டி அடுப்பில் கரியைப் பற்றவைத்து, ஜுவாலை அடங்கி மேலே சாம்பல் பூக்கட்டும். கம்பி வலையை நன்றாய்க் காயவைத்து எண்ணெய் தடவி மீனை வையுங்கள். வைத்த உடனே புரட்டாதீர்கள். வெந்த பிறகு அது தானாகவே கம்பியை விட்டுவிடும். பக்கத்துக்கு நாலைந்து நிமிஷம். முள்ளை ஒட்டின சதை கண்ணாடிபோல இல்லாமல் வெளுத்து, இதழ் இதழாய்ப் பிரிந்தால் ஆயிற்று. கரியைக் கதவடைத்த அறைக்குள் வைக்கக்கூடாது. அதன் விஷவாயு ஆளைக் கொல்லும். திண்ணையிலோ முற்றத்திலோ மாடியிலோ வையுங்கள். கரி இல்லாதவர் தோசைக்கல்லில் நாலு சொட்டு எண்ணெய் விட்டுச் செய்யலாம். சோறு, நறுக்கின வெங்காயம், கொஞ்சம் ரசமோ மோரோ, முடிந்தது. ஒரு மணி நேரத்துக்குள் குடும்பம் சாப்பிட்டு எழுந்திருக்கலாம்.

வஞ்சிரம் வாங்கப் பணம் இல்லாதவர்கள் வருத்தப்படவேண்டியதில்லை. மத்தியையும் அயிலையையும் முழுசாகவே பக்கத்துக்கு இரண்டு கீறல் போட்டுச் சுடலாம். விலை குறைந்த மத்திக்குச் சத்து குறைவில்லை. 100 கிராமில் சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது. இருதயத்துக்கு நல்லதென்று டாக்டர்கள் சொல்லுகிற கொழுப்பு இருக்கிறது. மரக்கறியில் கிடைக்காத பி12 ஜீவசத்து இருக்கிறது. 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை என்று கண்டார்கள். மீனிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் எளிதாய்ச் சேருவதோடு, கூடச் சாப்பிடுகிற கீரை பருப்பின் இரும்பும் சேருவதற்கு உதவுகிறது. அப்படி இருக்க, வீட்டில் மீன் வாங்கினால் நடுத்துண்டு ஆண்பிள்ளைக்கு, தலையும் வாலும் பெண்பிள்ளைக்கு, விரதம் முழுதும் பெண்பிள்ளைக்கு என்பது என்ன தர்மம்?

இது ஏதோ வெள்ளைக்காரன் பழக்கம் என்றும் சொல்லவேண்டாம். சிறுபாணாற்றுப்படையில், நெய்தல் நிலத்துப் பரதவர் வீட்டுக்குப் பாணன் போனால் அவனுக்குக் கிடைப்பது சுட்ட உலர்ந்த குழல்மீன் என்று புலவர் சொல்லுகிறார். வீட்டுக்கு வந்தவனுக்கு எதைக் கொடுப்பதைப் பெருமையாய் நினைத்தார்களோ, அதை இன்று வீட்டுக்கு ஒருவன் வந்தால் ஒளித்து வைக்கிறோம். கிராமத்தில் கருவாட்டைத் தணலில் சுட்டுப் பழையசோற்றுக்கு வைத்துக்கொள்ளுகிற குடியானவனுக்கு இதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டணத்துக்கு வந்து, நாலெழுத்துப் படித்து, நல்ல சம்பளம் வாங்குகிற அவன் மகனுக்குத்தான் சொல்லவேண்டியிருக்கிறது. அவன் மீன் வறுக்கும்போது ஜன்னலைச் சாத்துகிறான், ஊதுவத்தி கொளுத்துகிறான், ஆபீசுக்குத் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய், "நாங்கள் வாரத்துக்கு ஒருநாள்தான் சாப்பிடுவோம்" என்று யாரும் கேட்காமலே சமாதானம் சொல்லுகிறான். கடவுள் இல்லை என்று மேடையில் பேசுகிற தோழர்களிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கடவுளுக்குப் பயப்படாதவன் அடுத்த வீட்டுக்காரன் மூக்குக்குப் பயப்படுகிறான்!

நமது சமபந்தி விருந்துகளைத்தான் எடுத்துக்கொள்ளுங்களேன். ஜாதி ஒழிப்புக்கு என்று எல்லோரும் ஒன்றாய் உட்காருகிறோம். இலையில் என்ன? வடை, பாயசம், சாம்பார். "எல்லோருக்கும் பொதுவாய் இருக்கட்டும்" என்கிறோம். 97 பேர் தங்கள் சாப்பாட்டை வீட்டில் விட்டுவிட்டு வந்து 3 பேர் சாப்பாட்டில் உட்காருவது பொது ஆகுமா? வேண்டாதவருக்கு மரக்கறி இருக்கட்டும்; மரியாதையாய்ப் பரிமாறுங்கள். ஆனால் அதே வரிசையில், அதே இலையில், மீனும் இருக்கட்டும். மீனை வைத்தால் பந்தி கெட்டுப்போகும் என்று ஒருவன் எழுந்து போவானானால், அவன் உட்கார்ந்திருந்ததும் சமபந்தி ஆகாது.

ஆகையால் தோழர்களே! நாம் கேட்டுக்கொள்ளுவது பெரிய தியாகம் ஒன்றுமில்லை. வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம், வெள்ளிக்கிழமையாகவே பார்த்து, மீன் வாங்குங்கள். விற்கிற அம்மாளை "ஏ, மீன்காரி!" என்று கூப்பிடாமல் "அம்மா" என்று கூப்பிட்டு, வெயிலில் நிற்கவைத்து நாலு ரூபாய்க்கு வழக்காடாமல், நிழலில் உட்காரச்சொல்லித் தண்ணீர் கொடுத்து வாங்குங்கள். ஆண்பிள்ளைகளே அடுப்பை மூட்டிச் சுடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். நடுத்துண்டை வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் முதலில் போடுங்கள். வேறு ஜாதி என்று இதுவரை உங்கள் வீட்டில் சாப்பிடாத ஒரு நண்பரை அன்றைக்கு அழையுங்கள். பஸ்ஸில் மீன்கூடையோடு ஒரு அம்மாள் ஏறினால், நகர்ந்து இடம் கொடுங்கள், யாராவது முகம் சுளித்தால், "ராத்திரி உங்கள் வீட்டில் என்ன குழம்பு?" என்று கேளுங்கள்.

இவ்வளவும் செய்ய வெட்கப்படுகிறவன், ஜாதியை ஒழிக்கப்போகிறேன் என்று மேடை ஏறிப் பேசுவதில் யாருக்கு என்ன பிரயோஜனம்?